அம்மாவுக்கு மல்டிபிள் மையலோமா: எந்த முடிவை இப்போது எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது?

காவிரிக்கரை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. அப்பாவுடன் கும்பகோணத்தில் இருக்கிறார்; நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு வந்திருப்பது எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மையலோமா என்று மூன்று வாரங்களுக்கு முன்பு உறுதியாயிற்று. சிகிச்சை பற்றி இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பதால், இந்த நோயோடு நாள்தோறும் பழகியவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று எழுதுகிறேன்.

ஆடி மாதத்தில் அம்மாவுக்கு முதுகுவலி தொடங்கியது. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் வயதின் காரணமாக எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, வலி குறைய ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1 இருந்ததற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே நான்கு மாதங்கள் ஓடின. கார்த்திகை தீபத்தன்று காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவர், தூக்கியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேனில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது தெரிந்தது. பிறகு நான் பழைய பரிசோதனைத் தாள்களைப் புரட்டியபோது, இரண்டு மாதங்களுக்கு முன்பே இரத்தத்தில் மொத்தப் புரதம் 10.4, அல்புமின் 3.0 என்று அச்சாகியிருந்ததைக் கண்டேன். வேண்டாத புரதம் பெருகியிருப்பதைக் காட்டும், அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த தூரத்தை அன்றே யாராவது கவனித்திருந்தால் அம்மாவின் எலும்பு முறிந்திருக்காதே என்ற எண்ணம் இன்றுவரை என்னை உறங்கவிடவில்லை.

இப்போதைய நிலையைச் சொல்கிறேன். நோயுற்ற செல்கள் சுரக்கும் எம் புரதம் டெசிலிட்டருக்கு 5.1 கிராம், ஐ.ஜி.ஜி. கப்பா வகை. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் (நோயை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கும் வெள்ளணுக்கள்) 48 சதவீதம். கால்சியம் 11.6. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.9. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற இரத்தப் புரதம் 7.2 இருப்பதால் மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். மரபணு மாற்றங்களைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் போர்ட்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைட், டெக்ஸாமெத்தசோன் ஆகிய மூன்று மருந்துகளையும் உடனே தொடங்கி, நான்கு சுற்றுகள் முடிந்ததும் ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இரண்டாவது மருத்துவர் டாராட்டுமுமாப் என்ற ஊசியையும் முதலிலேயே சேர்ப்பது நல்லது என்றும், ஸ்டெம் செல் மாற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். இணையத்தில் எங்கு படித்தாலும் லெனலிடோமைட் என்ற மருந்துதான் முதலில் வருகிறது; இருவருமே அதை எழுதவில்லை. துபாயில் இருக்கும் அண்ணன், நோயெதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்து ஏற்றும் கார்-டி சிகிச்சை இந்தியாவுக்கே வந்துவிட்டதே, அதை ஏன் செய்யக்கூடாது என்று கேட்கிறார். மூன்றாம் நிலை என்றான பிறகு அண்ணியை எதற்கு வாட்டவேண்டும் என்று சித்தப்பா கலங்குகிறார். ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, கையொப்பமிட வேண்டியவளாகிய எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவற்றில் எதை நான் இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும்?


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (பதில்)

மகளே, எனக்கு வயது 74. இந்த நோய் எனக்கு வந்தபோது 67. அதற்கு முன்பே இதயத்தில் பைபாஸ் அறுவை செய்துகொண்டவன் என்பதால் ஸ்டெம் செல் மாற்று வேண்டாம் என்று மருத்துவரே விலக்கிவிட்டார். போர்ட்டெசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் குறைந்த அளவில் எடுத்துக்கொண்டேன். இன்று லெனலிடோமைட் மட்டும் தொடர்கிறது. எனவே மூன்றாம் நிலை என்ற சொல்லைக் கேட்டு உங்கள் சித்தப்பா கலங்கவேண்டாம் என்று என் சார்பில் சொல்லுங்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். மருந்தோடு வாழ்வதைப் பற்றி நான் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன், இரண்டும் என் தவறுகளிலிருந்து வந்தவை. போர்ட்டெசோமிப் ஊசி போடத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் என் பாதங்கள் மரத்துப்போயின. வயதாகிவிட்டது, இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எந்தத் தெருவில் கழன்றது என்றே தெரியவில்லை, உள்ளங்காலில் முள் தைத்து இரத்தம் வந்திருந்தது. அதன் பிறகுதான் மருத்துவரிடம் சொன்னேன். வாரம் இருமுறை போட்டுவந்த ஊசியை அவர் வாரம் ஒருமுறையாக மாற்றினார். முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு மரத்திருக்காது என்றார். இன்றும் இரண்டு விரல்களில் உணர்வு முழுமையாகத் திரும்பவில்லை. ஆகவே ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் அம்மாவிடம், கால் எரிகிறதா, மரத்திருக்கிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று நீங்களே கேளுங்கள்.

மற்றொன்று, அசைக்ளோவிர் என்ற மாத்திரை. நோய்க்கான மருந்துகளுக்கு நடுவில் இது எதற்கு என்று நானே நிறுத்திவிட்டேன். ஐந்தாவது வாரம் இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. மையலோமாவின் வலியைவிட அந்த வலி கொடியது. சீட்டில் சிறியதாகத் தெரியும் மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் விடக்கூடாது என்பதை அப்போதுதான் கற்றேன்.

டெக்ஸாமெத்தசோனைக் காலை உணவுக்குப் பின் கொடுங்கள். மாலையில் கொடுத்தால் இரவு முழுவதும் விழித்திருப்பார். சர்க்கரை உள்ளவரானால் அன்றும் மறுநாளும் அளவு ஏறும்.


இரத்தவியல் மருத்துவர் (பதில்)

சகோதரி, நான் இரத்தவியல் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் இந்த மருந்தைக் கொடுங்கள், அதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் இரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த மாதம் என்ன செய்யவேண்டும் என்பதில் இருவரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள்; ஐந்தாவது மாதத்தில் என்ன செய்வது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். ஐந்தாவது மாதத்துக்கான முடிவை இன்று எடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இந்த மாதத்தின் வேலை சிறுநீரகத்தைக் காப்பது. நோயுற்ற பிளாஸ்மா செல்கள் முழு எதிர்ப்புரதத்தோடு, லைட் செயின் எனப்படும் சிறு துண்டுகளையும் அளவின்றி வெளியேற்றுகின்றன. அவை சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மற்றொரு புரதத்தோடு சேர்ந்து உறைந்து அடைத்துக்கொள்கின்றன. நாள் கடக்கக் கடக்க அந்த அடைப்பு நிரந்தரமாகும் ஆபத்து கூடுகிறது. லைட் செயின் அளவை விரைவாகக் குறைத்தால் பலருக்குச் சிறுநீரகம் கணிசமாகத் தேறுகிறது. போர்ட்டெசோமிப்பை உடல் வெளியேற்றுவதற்குச் சிறுநீரகம் தேவையில்லை என்பதால், கிரியாட்டினின் 2.9 இருந்தாலும் முழு அளவில் உடனே தொடங்கலாம். லெனலிடோமைட் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறும். வழக்கமான 25 மில்லிகிராமை இப்போது கொடுத்தால் அது உடலில் தேங்கி இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். இருவரும் அதை எழுதாததற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும். சிறுநீரகம் தேறிய பின் சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதிலாக லெனலிடோமைடைக் குறைந்த அளவில் கொண்டுவருவது வழக்கத்தில் உள்ள முறைதான். நேரில் கேட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்றை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வீட்டில் மிச்சமிருந்தால் இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள். அம்மாவுக்கு நான்கு மாதங்களாகக் கொடுக்கப்பட்டவை இந்த வகையாக இருந்தால், அவையும் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கக்கூடும். மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை அவர் நாள் முழுவதும் தாராளமாகத் தண்ணீர் குடிக்கவேண்டும். எந்த ஸ்கேன் எடுக்கச் சென்றாலும், சாய மருந்து செலுத்துவதற்கு முன் மையலோமா நோயாளி என்று சொல்லவேண்டும்.

மூன்றாம் நிலை என்பதை மார்பகப் புற்றுநோயின் மூன்றாம் நிலையைப் போல எண்ணவேண்டாம். இங்கே நிலை என்பது நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 5.5-க்கு மேல் இருந்தால் மூன்றாம் நிலை என்பது 2005-இல் வகுக்கப்பட்ட கணக்கு. சிறுநீரகம் பழுதுபட்டாலே அந்த அளவு ஏறும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அந்த 7.2-இல் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு சிறுநீரகத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. 2015-இல் திருத்தப்பட்ட கணக்கில் எல்.டி.எச். என்ற இரத்த நொதியின் அளவும் ஃபிஷ் முடிவும் சேர்க்கப்பட்டன. 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இழப்பு, 4-க்கும் 14-க்கும் இடையிலான இடமாற்றம் போன்றவை இருந்தால் சிகிச்சையைக் கூடுதல் தீவிரத்தோடு திட்டமிடுவோம். அந்தத் தாள் வரும்வரை நோயின் போக்கைப் பற்றி யாரும் உறுதியாகப் பேசாமலிருப்பது நல்லது.

டாராட்டுமுமாப் பற்றி. இது பிளாஸ்மா செல்லின் மேலிருக்கும் சி.டி.38 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லை அழிக்கும் எதிர்ப்புரதம். போர்ட்டெசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் மூன்றோடு இதை நான்காவதாகச் சேர்த்து, ஸ்டெம் செல் மாற்றும் செய்த பெர்சியூஸ் ஆய்வின் முடிவு 2023 டிசம்பரில் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து, நோய் முற்றாமல் இருந்தவர்கள் நான்கு மருந்துக் குழுவில் 84.3 சதவீதம், மூன்று மருந்துக் குழுவில் 67.7 சதவீதம். ஸ்டெம் செல் மாற்றுக்கு ஏற்ற உடல்நிலை இல்லாதவர்களிடம் நடந்த மையா ஆய்வில், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் இரண்டோடு இதைச் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் நடுமதிப்பு 34.4 மாதங்களிலிருந்து 61.9 மாதங்களாக உயர்ந்தது. எனவே இரண்டாவது மருத்துவர் சொல்வதற்கு வலுவான ஆதாரம் உண்டு. ஆனால் போர்ட்டெசோமிப்பும் லெனலிடோமைடும் இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கும் மலிவான மருந்துகளாகிவிட்டன. டாராட்டுமுமாப் அப்படி இல்லை. முதல் எட்டு வாரங்களுக்கு வாரந்தோறும், பிறகு இரண்டு வாரத்துக்கொருமுறை, பிறகு மாதந்தோறும் என்று அது நீளும். இரண்டு மாதம் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதைவிட, மூன்று மருந்துகளோடு ஒழுங்காகத் தொடங்குவதே மேல் என்பது என் கருத்து. டாராட்டுமுமாப் போடுவது என்று முடிவானால், முதல் ஊசிக்கு முன்பே அம்மாவின் இரத்த வகையை விரிவாகச் சோதித்துத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஊசி சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்வதால், பின்னால் இரத்தம் ஏற்ற நேரும்போது பொருத்தப் பரிசோதனை குழம்பிப்போகும். இரத்த வங்கியிலும் தெரிவிக்கவேண்டும்.

ஸ்டெம் செல் மாற்றுக்கு வருகிறேன். இதில் வேறொருவர் தானம் செய்யத் தேவையில்லை. நோயாளியின் ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்துக்கொண்டு, மெல்ஃபாலன் என்ற மருந்தை மிக அதிக அளவில் செலுத்தி மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் நோயைக் குறைத்து, எடுத்துவைத்த செல்களை மீண்டும் ஏற்றுகிறோம். மாற்று என்ற சொல்லே தவறாகப் புரியவைக்கிறது. உண்மையில் அந்தச் செல்கள் மெல்ஃபாலனால் வெறுமையான மஜ்ஜையை மீட்பதற்குத்தான். இது நோயை வேரோடு நீக்குவதில்லை. நோயில்லாத காலத்தை நீட்டுகிறது. 2022-இல் வெளியான டிட்டர்மினேஷன் ஆய்வில், மருந்தோடு உடனே ஸ்டெம் செல் மாற்றும் செய்துகொண்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் நடுமதிப்பு 67.5 மாதங்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 46.2 மாதங்கள். ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, உயிர்வாழ்ந்தவர்களின் அளவில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உடனே செய்யலாம் என்பவரும் பின்னால் செய்யலாம் என்பவரும் இந்த ஒரே ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

பின்னால் செய்வது என்றாலும் செல்களை முன்பே எடுத்தாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். லெனலிடோமைடை நெடுநாள் எடுத்த பிறகு போதுமான செல்கள் கிடைப்பது கடினமாகும் என்பதால், நான்கு முதல் ஆறு சுற்றுகளுக்குள் சேகரிப்பது வழக்கம். நம் நாட்டில் சில மையங்கள் செல்களை உறையவைக்காமல் குளிர்பதனத்தில் சில நாட்கள் மட்டும் வைத்திருந்து உடனே ஏற்றிவிடுகின்றன. செலவு குறைவான நல்ல முறைதான், ஆனால் அங்கே "எடுத்து வைத்துவிட்டுப் பின்னால் பார்ப்போம்" என்பதற்கு இடமில்லை. ஆகவே நீங்கள் இரு மருத்துவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் மையத்தில் செல்களை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் பாதுகாக்க வசதி உண்டா என்பதே. 61 வயது இதற்குத் தடையில்லை. சிறுநீரகம் முழுதும் தேறாவிட்டாலும், மெல்ஃபாலன் அளவைச் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராமிலிருந்து 140 ஆகக் குறைத்துச் செய்கிறார்கள்.

அண்ணன் கேட்ட கார்-டி பற்றி. 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19, சி.டி.19 என்ற குறியைத் தேடிச் செல்வது. சில லிம்ஃபோமா, லுக்கீமியா நோய்களுக்கானது. மையலோமாவுக்கான கார்-டி பி.சி.எம்.ஏ. என்ற வேறு குறியைத் தேடுவது. அந்த வகையில் இரண்டு சிகிச்சைகள் அமெரிக்காவில் 2021-இலும் 2022-இலும் ஒப்புதல் பெற்றன. இரண்டுமே நோய் திரும்பியவர்களுக்கு. அது உங்கள் அம்மாவின் முதல் சிகிச்சைக்கான கேள்வி அன்று.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மெல்ஃபாலன் மாத்திரையும் ஸ்டீராய்டும் மட்டுமே இருந்த காலத்தில், நோயாளிகளில் பாதிப் பேர் மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை. 1999-இல் தாலிடோமைட் இந்த நோயில் பயன்படுவது தெரிந்தது. 2003-இல் போர்ட்டெசோமிப் வந்தது. அதன் பிறகு இந்த நோயின் முகமே மாறியது. முற்றாகக் குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மருந்து தளரும்போது அடுத்ததைக் கையிலெடுத்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கடைசியாக, முதுகெலும்பு நொறுங்கியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. கால்கள் திடீரென்று வலுவிழந்தாலோ, சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, தொடைப்பகுதி மரத்தாலோ, அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் அந்த மணியே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய பின் காய்ச்சல் வந்தாலும் அப்படியே.


காவிரிக்கரை மகள்

ஐயா, இருவருக்கும் என் நன்றி. நேற்று இரவு இதை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். வீட்டில் மீதமிருந்த வலி மாத்திரை அட்டைகளை அப்பாவே எண்ணி எடுத்துக் கொடுத்தார். பதினேழு மாத்திரைகள் இருந்தன. தன்னுடைய ஸ்டெம் செல்லைக் கொடுப்பதற்காகச் சித்தப்பா மது, புகை எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வாரமாகத் தயாராக இருந்திருக்கிறார். தானம் தேவையில்லை என்று தெரிந்ததும் சற்று ஏமாந்ததைப் போல் இருந்தார். ஸ்டெம் செல் மாற்றின்போது உடனிருந்தவர்கள் யாராவது, அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்றும், செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பொருநைத் தம்பி (பதில்)

அக்கா, என் அப்பாவுக்கு 58 வயதில், 2021-இல் ஸ்டெம் செல் மாற்று செய்தோம். நான்தான் கூட இருந்தேன்.

செல்களை எடுப்பதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்து மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டார்கள். அப்போது இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் ஒரு குடைச்சல் இருக்கும். செல்கள் பெருகுவதால் வருவது அது, பயப்படவேண்டாம். பிறகு டயாலிசிஸ் இயந்திரத்தைப் போன்ற ஒன்றோடு இணைத்து, இரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே நாளில் இரண்டு முறை மாற்றுக்குப் போதுமான அளவு கிடைத்தது. எல்லாவற்றையும் உறையவைத்து, பாதியைப் பிற்காலத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

மெல்ஃபாலன் ஏற்றும்போது அப்பாவின் வாயில் ஐஸ் துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். வாயிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கினால் மருந்து அங்கே குறைவாகச் செல்லும், புண் குறையும் என்று செவிலியர் விளக்கினார். பல் கூசுகிறது என்று அப்பா துப்பத் துப்ப நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து அறையில் ஐஸ் வைக்காமல் விட்டவருக்கு எச்சில் விழுங்கக்கூட முடியாமல் போனதைப் பிறகு பார்த்தேன். எனவே இந்த ஒன்றில் மட்டும் அம்மா கெஞ்சினாலும் இரங்காதீர்கள், அக்கா. செல்களை ஏற்றிய அன்று, உறையவைக்கச் சேர்த்த வேதிப்பொருளால், அறை முழுவதும் வேகவைத்த சோளத்தின் மணம் இரண்டு நாட்கள் இருந்தது. ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாள்வரைதான் கடினமான காலம்: வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தலைமுடி கொத்துக் கொத்தாக விழுவது, பேசவும் மனமில்லாத சோர்வு. பன்னிரண்டாம் நாள் வெள்ளணு எண்ணிக்கை ஏறியதும் மருத்துவமனையில் அப்பா கேட்ட முதல் உணவு, இரசம் சாதம். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பழைய பலம் திரும்ப மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

செலவைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த மருத்துவமனையில், எந்த மருந்துக்கு, எத்தனை சுற்றுக்கு அனுமதி கிடைக்கும் என்பதை அங்கேயுள்ள காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். நாங்கள் சான்றுக்காக அலைந்ததில் ஒன்பது நாட்கள் வீணாயின. தனியார் காப்பீடு இருந்தால், வீட்டில் விழுங்கும் லெனலிடோமைட் மாத்திரைக்கும் பணம் தருவார்களா என்பதைத் தனியாகக் கேட்கவேண்டும். எங்களுக்கு மருத்துவமனையில் தங்கிய நாட்களுக்கு மட்டுமே தந்தார்கள்.

லெனலிடோமைட் வீட்டுக்கு வரும்போது ஒரு கட்டுப்பாடு. தாலிடோமைடின் உறவான மருந்து என்பதால் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அப்போது என் தங்கை கர்ப்பமாக இருந்தாள். மாத்திரை டப்பாவை அவள் தொடவே கூடாது என்று அம்மா அதைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரத்தம் உறைந்து கால் வீங்கும் அபாயமும் அந்த மருந்துக்கு உண்டு என்பதால் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் சென்றபின் அப்பாவின் எம் புரதம் மீண்டும் தலைகாட்டியது. அன்று நான் அழுதேன், அப்பா அழவில்லை. இப்போது டாராட்டுமுமாப்பும், லெனலிடோமைடின் உறவான போமாலிடோமைடும் நடக்கின்றன. எம் புரதம் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மாதம் ஒருநாள் மருத்துவமனை, மற்ற நாட்களில் வாழைத்தோட்டம். உறையவைத்த மறுபாதி செல்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.


காவிரிக்கரை மகள்

அனைவருக்கும் ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். போர்ட்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைட், டெக்ஸாமெத்தசோன் முதல் சுற்று முடிந்தது. கிரியாட்டினின் 2.9-லிருந்து 1.6-க்கு இறங்கியிருக்கிறது. கால்சியம் சரியாகிவிட்டது. ஃபிஷ் முடிவும் வந்தது. நாங்கள் அஞ்சிய 17-ஆம் குரோமோசோம் இழப்பு இல்லை, 4-க்கும் 14-க்கும் இடையே இடமாற்றமும் இல்லை.

செல்களை உறையவைக்கும் வசதி பற்றி இரு மருத்துவர்களிடமும் கேட்டேன். முதல் மருத்துவரின் மையத்தில் அந்த வசதி இல்லை. அவர் உடனே செய்யச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது மருத்துவர் இருக்கும் இடத்தில் உண்டு. இரண்டாவது சுற்றிலிருந்து லெனலிடோமைடை 10 மில்லிகிராம் அளவில் சேர்க்கிறார்கள். நான்காம் சுற்று முடிந்ததும் செல்களை எடுத்து உறையவைப்பது, மாற்றை உடனே செய்வதா என்பதை அப்போது அம்மாவின் உடல்நிலையைப் பார்த்து அவரையே கேட்டு முடிவு செய்வது என்று பேசியிருக்கிறோம். டாராட்டுமுமாப்பைத் தொடர்ந்து வாங்க இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னேன். மருத்துவர் அதற்காக முகம் சுளிக்கவில்லை. பின்னால் தேவைப்படும்போது வைத்துக்கொள்வோம் என்றார்.

எலும்புக்கான சோலெட்ரானிக் அமிலம் தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த மருந்து தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அம்மாவின் கடைவாயில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைச் செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். புண் ஆறியதும், சிறுநீரகத்தின் அளவைப் பார்த்து, குறைந்த அளவில் முதல் ஊசி. இன்று காலை அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்துவந்து, கோலம் சரியாகப் போடவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார்.